கேன் தண்ணீர், சாம்பார் கவர், பாயச டப்பா: முதலில் எதை மாற்றுவது?

ஒழலப்பதி அம்மா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவில் இந்த வாரம் ஒரு குரல்பதிவு சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெயில் பட்ட பாட்டில் தண்ணீரில் டையாக்சின் என்ற விஷம் கலந்துவிடும், ஃப்ரீசரில் வைத்தாலும் அதேதான், குடித்தால் புற்றுநோய் என்கிறார் ஒருவர். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் விஷம், 5 என்று இருந்தால் பயமே வேண்டாம் என்று முடிக்கிறார். கேட்ட அன்றைக்கே சிலர் வீட்டில் இருந்த டப்பாக்களை எல்லாம் மூட்டை கட்டி, பழைய சாமான் எடுக்கும் ஆக்ரிக் கடைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டு நிலவரம் இது. போர் தண்ணீர் உப்பு, அதனால் குடிக்கவும் சமைக்கவும் இருபது லிட்டர் கேன்தான். மஞ்சள் காமாலை பயத்தில் பள்ளியில் கொதிக்க வைத்த தண்ணீர்தான் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். காலையில் பஸ் வரும் அவசரத்தில் சீரகத் தண்ணீரைச் சூடாகவே பாட்டிலில் ஊற்றி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் பார்சல். எல்லாவற்றையும் ஒரே நாளில் எவர்சில்வருக்கு மாற்றக் கையில் காசு இல்லை. எதை முதலில் மாற்றுவது, எதை அப்படியே விடலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேதியியல் மாஷ்

டையாக்சின் கதையை முதலில் தள்ளிவிடுவோம் அம்மா. இருபது வருடத்துக்கு மேல் சுற்றும் கதை அது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் சொன்னதாகப் பேரைச் சேர்த்து மின்னஞ்சலில் பரப்பினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரே 2004-ல் மறுத்துப் பேசிவிட்டார். பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்சின் வரும் வாய்ப்பு உண்டு. வெயிலிலோ ஃப்ரீசரிலோ வைத்த தண்ணீர் பாட்டிலில் அது உண்டாவதில்லை. டையாக்சினுக்குப் பயப்படுகிறவர்கள், வாசலில் குப்பையோடு கவரைக் கொளுத்துவதை நிறுத்த வேண்டும்.

அப்புறம் அந்த முக்கோண எண். 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது. குப்பையில் வந்ததை வகை பிரிப்பதற்காக வைத்தது. 1 என்றால் பெட், 2 என்றால் எச்டிபிஇ, 3 பிவிசி, 4 எல்டிபிஇ, 5 பாலிப்ரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 என்றால் மற்றதெல்லாம். பொருளின் பெயரை அது சொல்கிறது. உள்ளே சேர்த்த சாயம், மென்மையாக்கி, நிலைப்படுத்தி எதையும் சொல்வதில்லை. பெயிண்ட் வாளியிலும் 5 இருக்கும், சோற்று டப்பாவிலும் 5 இருக்கும்.

பார்க்க வேண்டியது சூடு, கொழுப்பு, நேரம். பிளாஸ்டிக்கில் கெட்டியாகப் பிணைந்து கிடக்காத சிறு மூலக்கூறுகள் உண்டு. சூடு ஏற ஏற அவை வேகமாக நகரும். அவற்றில் பல தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் நெய்யிலும் தேங்காய்ப்பாலிலும் நன்றாகக் கரையும். எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டு இருக்கிறதோ அவ்வளவு இறங்கும். உங்கள் வீட்டு டப்பாவையே பாருங்கள். சூடான சாம்பாரை ஊற்றி வைத்த டப்பாவில் மஞ்சள் கறை ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாமல் நிற்கும். மஞ்சளின் நிறம் எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே போய்விட்டது. உள்ளே போக வழி இருக்கிற இடத்தில் வெளியே வரவும் வழி இருக்கிறது.

ஆகவே உங்கள் வரிசையில் முதலில் மாற வேண்டியது சீரகத் தண்ணீர் பாட்டில். சாதாரணத் தண்ணீர் பாட்டில் பெட்டால் ஆனது. எழுபது, எண்பது டிகிரியிலேயே அது இளகத் தொடங்கும். கொதி தண்ணீர் ஊற்றினால் இடுப்பு சுருங்கிப்போவது அதனால்தான். பெட் செய்யும்போது ஆன்டிமனி என்ற உலோகத்தின் சேர்மத்தை வினையூக்கியாகப் போடுகிறார்கள், அதில் கொஞ்சம் பாட்டிலிலேயே தங்கும். அரிசோனாவில் செய்து 2008-ல் வெளிவந்த ஆய்வில், தண்ணீரில் அது அமெரிக்க வரம்பான லிட்டருக்கு 6 மைக்ரோகிராமைத் தாண்ட எவ்வளவு நாள் ஆகும் என்று பார்த்தார்கள். 60 டிகிரியில் 176 நாள். 80 டிகிரியில் இரண்டே கால் நாள் போல. இருபது டிகிரி ஏறியதற்கு இவ்வளவு வித்தியாசம்.

கேன் வண்டி

மாஷ் சொன்ன 60 டிகிரி கணக்கை நான் தொழிலோடு சேர்த்துப் பார்க்கிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேன் போடுகிறேன். ஏப்ரலில் நம் பாலக்காட்டில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது புதிது இல்லை. தார்ப்பாய் போடாத வண்டியில் மதியம் ஏற்றின கேனைத் தொட்டால் கை சுடும். கடைவாசலில் வெயிலில் பாட்டில் பெட்டிகளை அடுக்கக்கூடாது, திறந்த வண்டியில் கொண்டுபோகக்கூடாது என்று கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ஒவ்வொரு வெயில் காலமும் சொல்கிறது. ஆனால் மதியம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் பாருங்கள், பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று.

என் கேள்வி வேறு. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேன் தண்ணீரே வேண்டாம் என்று சிலர் போர் தண்ணீருக்குத் திரும்பிவிட்டார்கள். அது சரியா? வியாபாரத்துக்காகக் கேட்கவில்லை. பிளாச்சிமடைக்காரர்களின் பக்கத்து ஊர்க்காரன் நான். 2004-ல் அங்கிருந்த கோகோ கோலா ஆலை மூடுகிற வரைக்கும் ஜனங்கள் கிணற்றுத் தண்ணீருக்காகப் பந்தலில் உட்கார்ந்ததைப் பார்த்து வளர்ந்தவன். தண்ணீரை விற்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

சித்தூர் செவிலி

கேன் வண்டி அண்ணா, சரியில்லை. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதல் என்பது நிலத்தடி நீர் வாரியத்தின் ஆய்வுகளில் பல வருடமாக உள்ளது. குடிநீருக்கு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் மேல்வரம்பு. வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாகத் தெரியும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். பிளாஸ்டிக் பயத்தில் இந்தத் தண்ணீருக்குப் போவது பெரிய ஆபத்தை வீட்டுக்குள் அழைப்பது. பஞ்சாயத்துக் குழாயில் வரும் தண்ணீர் கிடைக்கிறவர்களுக்குப் பேச்சே வேறு, அதைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை எல்லோரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஹோட்டல்களில் பதிமுகம் என்ற மரத்துண்டு போட்ட சிவப்புத் தண்ணீரைப் பிளாஸ்டிக் ஜக்கில் கொண்டுவந்து வைப்பார்கள். ஜக் தாங்க வேண்டும், குடிக்கிறவர் வாய் வேகக்கூடாது என்று கொதித்த தண்ணீரில் பாதிக்குப் பச்சைத் தண்ணீர் கலக்கிற பழக்கம் பல இடத்தில் உண்டு. பார்க்கக் கொதித்த தண்ணீர் போலவே ஆவி வரும், நிறமும் இருக்கும். மஞ்சள் காமாலைக் கிருமி அந்தப் பச்சைத் தண்ணீர் வழியாக நேராக வயிற்றுக்குப் போகும். 2024-ல் எறணாகுளம் மாவட்டம் வேங்ஙூரில் ஹெபடைடிஸ் ஏ என்கிற காமாலை பரவி ஜனங்கள் பட்ட பாட்டைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கொதித்த தண்ணீரை அப்படியே எவர்சில்வர் பாத்திரத்தில் ஆறவைத்துக் கொடுத்தால் காமாலைக்கும் விடை, பிளாஸ்டிக்குக்கும் விடை.

ஒழலப்பதி அக்கா, இரவே கொதிக்க வைத்து மூடி வையுங்கள். காலையில் ஆறின தண்ணீரை ஊற்றினால் இருக்கிற பாட்டிலிலேயே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். கீறல் விழுந்த பாட்டிலை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம், கழுவினாலும் கீறலுக்குள் பாசி பிடிக்கும்.

வடகரப்பதி

எல்லோரும் அக்கறையோடுதான் எழுதுகிறீர்கள், ஆனால் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. கூலிக்குப் போகிறவர் வீட்டில் பிளாஸ்டிக் டப்பாவும் பாட்டிலும்தான் இருக்கும். அவர்களிடம் போய் இது விஷம் என்று சொன்னால் மனதில் பயத்தை ஏற்றியதுதான் மிச்சம். இந்தப் பயத்தை வைத்து ஆயிரக்கணக்கில் செம்பு பாட்டிலும் கண்ணாடி டப்பாவும் விற்கிறார்கள். அரசாங்கத்தில் விதி இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, உலகம் முழுக்கப் புழங்குகிறார்கள். அமெரிக்காவின் உணவு, மருந்து ஆணையமான எஃப்டிஏ, கெட்டிப் பிளாஸ்டிக்கில் இருக்கும் பிபிஏ என்ற பொருள் இப்போது அனுமதித்த பயன்பாடுகளில் பாதுகாப்பானதே என்றுதானே இன்னமும் சொல்கிறது? நுண்பிளாஸ்டிக் பற்றி 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த அறிக்கையும், குடிநீரில் இப்போது உள்ள அளவில் ஆபத்து தெரியவில்லை, இன்னும் ஆராய வேண்டும் என்றுதானே சொன்னது?

வேதியியல் மாஷ்

நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. அதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும்.

பிபிஏ என்கிற பிஸ்ஃபீனால் ஏ, கண்ணாடி போலத் தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கும் பாலிகார்பனேட்டில் உள்ளது. நம் வீட்டு இருபது லிட்டர் கேன்களில் பல அந்த ஜாதி, அடியில் 7 என்று இருக்கும். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும் பொருள் அது. ஹார்வர்டில் 77 மாணவர்களை ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குளிர்ந்த பானங்களைக் குடிக்கவைத்துப் பார்த்தார்கள், 2009-ல் வெளிவந்தது. சிறுநீரில் பிபிஏ மூன்றில் இரண்டு பங்கு கூடியிருந்தது. சூடே படாமல் இவ்வளவு.

ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல், உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 4 மைக்ரோகிராம் வரை தாங்கலாம் என்றது. 2023 ஏப்ரலில் அதே ஆணையம் அதை 0.2 நானோகிராமாக இறக்கியது. இருபதாயிரத்தில் ஒரு பங்கு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இவ்வளவு இறக்கத் தேவையில்லை என்று மறுத்தது. அப்படியும் 2024 டிசம்பரில், உணவைத் தொடும் பொருட்களில் பிபிஏவே வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்துவிட்டது, தகர டப்பாக்களின் உள்பூச்சு உட்பட. பெரிய ஆணையங்களே ஒன்றுக்கொன்று இவ்வளவு தள்ளி நிற்கும்போது, நாம் குறைத்துக்கொள்ளக்கூடிய இடத்தில் குறைத்துக்கொள்வதே நல்லது. பயம் வேண்டாம் என்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறேன். பிபிஏ உடம்பில் தங்குவதில்லை, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். இன்றைக்குக் குறைத்தால் நாளைக்கே உடம்பில் குறையும்.

கடையில் ‘பிபிஏ இல்லாதது’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அதற்குப் பதிலாகப் போடும் பிபிஎஸ், பிபிஎஃப் இரண்டும் அதன் பங்காளிகள், ஹார்மோன் வேலையும் ஒத்துப்போகிறது. செம்பு பாட்டில் விற்கிறவர்கள் பற்றி நீங்கள் சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். எலுமிச்சைச் சாறு, மோர் இரண்டையும் செம்பில் வைக்கவே கூடாது. சாதாரண எவர்சில்வர் சொம்பு போதும்.

வேலந்தாவளம் மெஸ்

பார்சல் கொடுக்கிற பக்கத்திலிருந்து ஒருவராவது பேச வேண்டும் என்று எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பிளாஸ்டிக் தடை வந்தது, கேரளத்தில் 2020 ஜனவரி 1. இடைப்பட்ட ஒரு வருடம் எங்கள் ஊர் மாநில எல்லைச் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் கவர் குற்றம், இந்தப் பக்கம் குற்றம் இல்லை. இரண்டு பக்கத்து லாரிக்காரர்களும் சாப்பிடும் கடை எங்களுடையது.

சாம்பார் அண்டாவிலிருந்து கரண்டியில் எடுத்து நேராகக் கவரில் ஊற்றும்போது கவர் கையில் குழைவதை நான் தினமும் பார்க்கிறேன். அடிப்பாகம் தொங்கும், முடிச்சுப் போடும் இடம் வழுக்கும். ஊற்றும் பையனுக்கே விரல் சுடும். ஆறவைத்துக் கட்டினால் வாங்குகிறவர் திட்டுகிறார், சூடாகக் கொடுங்கள் என்று. டப்பாவில் கொடுத்தால் விலையில் ஏறும், அதற்கும் திட்டு. பக்கத்துக் கடை கவரில் கொடுக்கும்போது நான் மட்டும் மாற முடியாது.

ஓணத்துக்குப் பாயசம் கேட்டு வரிசை நிற்கும். அடைப் பிரதமன் வெல்லமும் தேங்காய்ப்பாலும் நெய்யும் சேர்ந்து உருளியில் கொதித்துக்கொண்டிருக்கும், அப்படியே மெல்லிசு டப்பாவில் ஊற்றி மூடியை அழுத்துவோம். மாஷ் சொன்ன சூடு, கொழுப்பு, நேரம் மூன்றும் அந்த டப்பாவில் இருக்கிறது. மதியம் வாங்கினவர் ராத்திரிதான் திறப்பார். இதற்கு என்ன வழி?

சித்தூர் செவிலி

பாத்திரம் கொண்டுவந்தால் விலையில் கொஞ்சம் குறைப்பு என்று வாசலில் எழுதிப் போடுங்கள் அண்ணா. முன்பெல்லாம் தூக்குவாளி இல்லாமல் ஹோட்டலுக்கு யார் போனார்கள்? ஓணத்துக்குப் பாயசம் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதானே வழக்கம். பெயர் எழுதும்போதே ‘பாத்திரம் கொண்டு வரவும்’ என்று சொல்லிவிடலாம். பொட்டலத்துக்கு வாழையிலை வைத்து மேலே தாள் சுற்றலாம், அச்சடித்த செய்தித்தாள் மட்டும் உணவில் படக்கூடாது, அதை விதியிலேயே தடுத்திருக்கிறார்கள்.

நடுப்புணி ஆக்ரி

பழைய பொருள் எடுக்கிற தொழில். எல்லோரும் எண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள், நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

எங்களிடம் வருகிற சரக்கில் வெள்ளை, நிறமில்லாதது இவற்றுக்குத்தான் நல்ல விலை. சிவப்பு, பச்சை, நீலம் கலந்ததை உருக்கினால் கடைசியில் கறுப்புச் சாயம் போட்டு மறைக்க வேண்டும். பழைய டிவி, கம்ப்யூட்டர் மூடிகளின் பிளாஸ்டிக்கும் கறுப்பு. அதில் தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் மருந்து சேர்த்திருப்பார்கள். அந்தச் சரக்கு எங்கே போகிறது, என்னவாகத் திரும்பி வருகிறது என்பது எங்கள் கையில் இல்லை. அதனால் பிரியாணியும் குழம்பும் வரும் கறுப்பு டப்பாவை என் வீட்டில் இரண்டாம் முறை புழங்க விடுவதில்லை. அதில் சூடு பண்ணவே விடமாட்டேன்.

மெல்லிசாக, கலராக, நாற்றம் அடிக்கிற கேரி பேக்கில் போண்டா, பஜ்ஜி கட்டித் தருகிறார்களே, அதுவும் பெரும்பாலும் உருக்கின சரக்குதான்.

வேதியியல் மாஷ்

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். கறுப்புச் சமையல் கரண்டிகளிலும் பாத்திரங்களிலும் அந்த மருந்து இருப்பதாக 2024-ல் ஒரு ஆய்வு வந்தது, பெரிய செய்தியானது. அதில் ஒரு பெருக்கல் கணக்கு தப்பு, பத்து மடங்கு கூடுதலாகப் பயமுறுத்திவிட்டது என்று அப்புறம் திருத்தினார்கள். மருந்து அந்தப் பொருட்களில் இருந்தது என்பது மாறவில்லை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 பேக்கேஜிங் விதிகளில், பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்ததில் உணவு வைக்கக்கூடாது என்றே இருந்தது. பெட்டுக்கு மட்டும் பின்னால் தனி நடைமுறையோடு இடம் கொடுத்தார்கள். கேரி பேக்குக்கு எந்தக் காலத்திலும் இடம் இல்லை.

முதலமடை மருமகள்

அக்கா, மாஷ், எனக்கு அடுத்த மாதம் பிரசவம். பால் பாட்டில் வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். இதையெல்லாம் படித்த பிறகு எது வாங்குவது என்றே தெரியவில்லை.

சித்தூர் செவிலி

நல்லபடியாகப் பெற்றெடுங்கள் அம்மா. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், பாட்டிலே தேவைப்படாமல் போகலாம். இப்போதே வாங்கி அடுக்க வேண்டாம்.

தேவைப்பட்டால், பாலிகார்பனேட்டில் பால் பாட்டில் செய்யக்கூடாது என்று ஐஎஸ் 14625 என்ற இந்தியத் தரவிதியில் 2015-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது கடையில் இருப்பது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அந்த 5-ம் நம்பர். அதையும் அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரியில் 2020-ல் பரிசோதித்தார்கள். வெந்நீரில் பால் பவுடர் கலக்கும் முறையில் லிட்டருக்கு 1.6 கோடி நுண்துகள் வரை வந்தது. சூடு கூடக் கூடத் துகளும் கூடியது. அவர்களே வழியும் சொன்னார்கள். பாட்டிலைக் கொதிநீரில் சுத்தம் செய்த பிறகு, கொதித்து ஆறின தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசிவிட வேண்டும். பாலை எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கலந்து, ஆறின பிறகே பாட்டிலில் ஊற்ற வேண்டும். பாட்டிலோடு மைக்ரோவேவில் வைக்கக்கூடாது. சங்கு, பாலாடை இரண்டும் இன்னும் நல்லது, கழுவவும் சுலபம். சுத்தம் செய்வதை மட்டும் விடக்கூடாது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அது உடனடி ஆபத்து.

வடகரப்பதி

கோடிக்கணக்கில் துகள் என்று கேட்டால் யாருக்கும் பயம் வரும். ஆனால் எண்ணிக்கை வேறு, உடம்புக்குக் கெடுதல் வேறு இல்லையா? பாட்டில் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் துகள் என்று 2024-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் சொன்னபோதும் இதேதான் தோன்றியது. கண்ணுக்கே தெரியாததை எண்ணும் கருவி வந்துவிட்டது, அதனால் எண் ஏறுகிறது.

வேதியியல் மாஷ்

எண்ணிக்கையை வைத்து மட்டும் நோய் என்று சொல்ல முடியாது, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடும் ஆய்வுகளில் ஒன்று இத்தாலியிலிருந்து 2024 மார்ச்சில் வந்தது. கழுத்து ரத்தக்குழாயில் படிந்த அடைப்பை அறுவை செய்து எடுத்த 257 பேரில் 150 பேருடைய படிவில் பாலிஎத்திலீன் இருந்தது. மூன்று வருடம் போலப் பின்தொடர்ந்ததில், பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது சாவு வரும் ஆபத்து நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். வேறு காரணமும் கூட இருந்திருக்கலாம். ஆனால் ரத்தக்குழாய் வரைக்கும் போய்ச் சேர்கிறது என்பது கண்ணால் பார்த்தது. முழு நிரூபணம் வரும்வரை காத்திருந்துதான் கொதிக்கும் சாம்பாரைக் கவரில் ஊற்றுவதை நிறுத்த வேண்டுமா?

டீக்கடைக்கும் இதே பேச்சுதான். பேப்பர் கப் என்று பெயர், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம். ஐஐடி கரக்பூரில் 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி தண்ணீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தார்கள், 25,000 போல நுண்துகள் வந்தது. நம் பக்கத்து டீக்கடைகளில் இன்னும் கண்ணாடி கிளாஸ் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள், கிளாஸ் சுத்தம் இல்லை என்று தோன்றினால் வெந்நீரில் அலசித் தரச் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு

ஒரே ஒரு சந்தேகம். எங்கள் தோப்பில் கள் இறக்குகிறார்கள். சித்தூர் கள்தானே கேரளம் முழுக்கப் போகிறது. எல்லாம் கன்னாஸ் என்கிற பெரிய பிளாஸ்டிக் கேனில்தான் வண்டி ஏறுகிறது. புளிக்கிற பொருள் ஆயிற்றே, பரவாயில்லையா?

வேதியியல் மாஷ்

கன்னாஸ் எச்டிபிஇயில் செய்தது, 2-ம் நம்பர். புளிப்பையும் கள்ளில் இருக்கும் அளவுச் சாராயத்தையும் அது நன்றாகத் தாங்கும். கள் சூடானது இல்லை, நாள்கணக்கில் வைக்கிற பொருளும் இல்லை. புது கன்னாஸாக, உணவுக்கென்று செய்ததாக இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். கவலை எல்லாம் செகண்ட்ஹேண்ட் கன்னாஸ் பற்றித்தான். ஆசிட், பூச்சிமருந்து, கிளீனிங் திரவம் வந்த கன்னாஸைக் கழுவி விற்கிறார்கள். எச்டிபிஇ அந்த வாடையையும் மருந்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எத்தனை கழுவினாலும் முழுக்கப் போகாது. தோப்புக்குள் மருந்து கன்னாஸும் கள் கன்னாஸும் ஒரே கொட்டகையில் கிடக்க விடாதீர்கள்.

நடுப்புணி ஆக்ரி

மாஷ் சொன்னதற்கு நான் சாட்சி. மருந்து வந்த கன்னாஸை நாங்கள் அடியில் ஓட்டை போட்டுத்தான் எடுக்கிறோம், யாரும் திரும்பப் புழங்கக்கூடாது என்று. எல்லாக் கடையிலும் அப்படிச் செய்தால் நல்லது. பெயிண்ட் வாளியையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் சாம்பார் பரிமாறுகிற வாளி பல சமயம் அதுதான். எங்களிடம் வந்து கேட்டே வாங்கிப்போகிறார்கள், நல்லா கெட்டியா இருக்கு என்று.

வேலந்தாவளம் மெஸ்

வாளி விஷயம் எங்கள் சமையல்காரரிடம் இன்றைக்கே பேசிவிட்டேன். பரிமாற எவர்சில்வர் வாளி எடுத்தாயிற்று, மாவு புளிக்க வைக்கவும் பெயிண்ட் வாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செவிலி அம்மா சொன்னபடி பாத்திரம் கொண்டுவருகிறவர்களுக்குக் குறைப்பு என்று போர்டு எழுதக் கொடுத்திருக்கிறேன், தமிழிலும் மலையாளத்திலும். பக்கத்துக் கடைக்காரரோடும் பேச வேண்டும், இருவரும் சேர்ந்தால்தான் கவரை விடமுடியும்.

ஒழலப்பதி அம்மா

எல்லோருக்கும் நன்றி. பிள்ளைகள் இருவருக்கும் எவர்சில்வர் பாட்டில் வாங்குகிறேன், அது இந்த மாதச் செலவு. அடுத்தது சோற்று டப்பா. அரிசி, பருப்பு, சர்க்கரை போட்டு வைத்திருக்கும் டப்பாக்கள் உலர்ந்த பொருள்தானே, அவை அப்படியே இருக்கட்டும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஊறுகாயும் தேங்காய் எண்ணெயும் மட்டும் கண்ணாடிக்கு, ஜாடிக்கு மாறும். சரிதானே மாஷ்?

கேன் வண்டி அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் கேன் உள்பக்கம் கீறி, மங்கலாக இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?

வேதியியல் மாஷ்

சரிதான் அம்மா. உலர்ந்த பொருளுக்கு அவசரமே இல்லை.

கேன் வண்டி

தாராளமாகக் கேளுங்கள் அக்கா. கீறல் விழுந்த, மங்கின கேனைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நாங்களும் ஆலைக்குத் திருப்ப வேண்டும். பாட்டில் தண்ணீரை 2024 நவம்பரில் அதிக ஆபத்து உள்ள உணவு வகையில் எஃப்எஸ்எஸ்ஏஐ சேர்த்துவிட்டது, ஆலைகளில் சோதனை கூடுகிறது. மூடியில் சீல் இருக்கிறதா, எப்போது நிரப்பியது, உரிமம் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் இறக்கினதும் வெயில் படாத மூலையில் வையுங்கள், மண்ணெண்ணெய், பினாயில் பக்கத்தில் வேண்டாம். சூடான தண்ணீர் விட்டுக் கேனைக் கழுவாதீர்கள், பாலிகார்பனேட்டுக்கு அதுதான் ஆகாது. என் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டாயிற்று. மற்ற வண்டிகளிலும் போடச் சொல்லி எங்கள் ஸ்டாண்டில் பேசுகிறேன். வாங்குகிற நீங்களும் தார்ப்பாய் இல்லாத வண்டியில் கேன் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிடுங்கள், ஒரே வாரத்தில் எல்லா வண்டியிலும் ஏறிவிடும்.